பெரியப்பாவின் நோட்டும் தன்னையே கூப்பிடும் டெம்ப்ளேட்டும்

போன ஐப்பசியில் மேலூருக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா ஒரு எண்பது பக்க நோட்டை என் கையில் கொடுத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்தக் கால்வாயிலிருந்து எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் வரும், அது நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்து எந்தக் கண்மாய், அதில் எத்தனை மடை, ஒவ்வொரு மடையிலிருந்தும் எந்த வாய்க்கால், எல்லாம் இத்தனை நாள் அவர் தலைக்குள் இருந்தது. இப்போது எழுதி வைத்துவிட்டார். "இதை போன்ல பாக்குற மாதிரி பண்ணிக் குடுப்பா. எனக்கப்புறம் வர்ற பயலுக அங்கிட்டும் இங்கிட்டும் கேட்டுக்கிட்டுத் திரியக் கூடாது" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இந்தப் பக்கம் இறங்கி வைகையில் சேர்ந்து, 1959-ல் வந்த வைகை அணையில் தேங்கி, அங்கிருந்து திறந்துவிட்டால் பேரணையில் பிரிந்து பெரியாறு பிரதானக் கால்வாயில் ஓடி எங்கள் பக்கம் வருகிறது. கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே நாங்கள் ஒருபோகம். கால்வாய் கிளை பிரியும், கிளை மறுபடி பிரியும், அப்புறம் கண்மாயில் விழும், கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக வழிந்து மறுகாலில் அடுத்த கண்மாய்க்குப் போகும், அதுவும் நிறைந்தால் அதற்கடுத்தது. எத்தனை படி என்று பொதுவாக ஒரு எண் சொல்ல முடியாது. ஒரு கிளையில் மூன்றோடு முடியும், பக்கத்துக் கிளையில் ஏழு வரை போகும்.

நோட்டைத் திறந்ததும் எனக்கு ஆச்சரியம். பிரதானக் கால்வாயை இடது ஓரத்தில் எழுதியிருந்தார். அதன் கிளைகளை ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி எழுதியிருந்தார். கிளையில் விழும் கண்மாய் இன்னொரு விரல் உள்ளே. அதன் மறுகால் போகும் கண்மாய் இன்னும் ஒரு விரல். நாங்கள் கம்ப்யூட்டரில் மரம் என்று சொல்லும் தரவை, கணு (ஒவ்வொரு பெயரும் ஒரு கணு), பிள்ளை (அதற்குக் கீழே வருவது), நிலை (எத்தனையாவது படி) எல்லாவற்றோடும் அவர் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி முடித்திருந்தார். என் வேலை அதைத் திரையில் அதே மாதிரி காட்டுவது மட்டும்.

மதுரைக்கு வந்ததும் உட்கார்ந்தேன். பைத்தான் மொழி, அதில் வலைப்பக்கம் செய்ய ஜாங்கோ, தரவைச் சேமிக்கும் டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸ், நான் தினமும் புழங்கும் சாமான்கள். ஒரு டேபிள், அதில் பெயர், வகை, தாய்க் கணுவின் எண், அவ்வளவுதான். டெம்ப்ளேட்டில், அதாவது தரவைப் பக்கமாக மாற்றும் அச்சில், முதலில் எழுதியது எல்லாரும் எழுதுவதுதான்: ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பத் திரும்ப வரையும் ஒரு லூப், அதற்குள் ஒரு லூப், அதற்குள் இன்னொன்று. கால்வாய், கிளை, கண்மாய். மூன்றாவதற்குள் நான்காவது லூப்பை ஒட்டும்போதே கை நின்றுவிட்டது. ஏழு நிலைக்கு ஏழு லூப் எழுதலாம், ஆனால் நாளைக்கு எட்டாவது வந்தால்? பெயருக்குப் பக்கத்தில் ஆயக்கட்டு ஏக்கரையும் காட்டு என்றால் ஏழு இடத்தில் திருத்த வேண்டும், ஒன்றை நிச்சயம் விட்டுவிடுவேன்.

இந்த இடத்தில் தேவைப்படுவது ரிகர்ஷன். ஒரு கணுவை மட்டும் வரையத் தெரிந்த சின்ன டெம்ப்ளேட் ஒன்றை எழுதி, பிள்ளைகள் வரும் இடத்தில் அது தன்னையே கூப்பிட வேண்டும். தமிழில் எழுதினால் இப்படி (யூஎல் என்பது பட்டியலுக்கான எச்டிஎம்எல் டேக், எல்ஐ அதில் ஒரு வரிக்கானது):

கணு டெம்ப்ளேட்:
 எல்ஐ திற
  கணுவின் பெயரை எழுது
  பிள்ளைகள் இருந்தால்:
   யூஎல் திற
    ஒவ்வொரு பிள்ளைக்கும் கணு டெம்ப்ளேட்டைக் கூப்பிடு
   யூஎல் மூடு
 எல்ஐ மூடு

எட்டே வரி. மூன்று நிலைக்கும் இதுதான், முப்பது நிலைக்கும் இதுதான். பெரியாறு அணை எங்கே இருக்கிறது, தனக்குக் கீழே எத்தனை கண்மாய் இருக்கிறது என்றெல்லாம் ஒரு கண்மாய்க்குத் தெரிய வேண்டியதில்லை, தான் நிறைந்தால் தண்ணீர் எந்த மறுகாலில் போகும் என்பது போதும். இந்த டெம்ப்ளேட்டுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ஜாங்கோவில் இதை இன்க்ளூட், அதாவது ஒரு டெம்ப்ளேட்டுக்குள் இன்னொன்றைச் சேர்க்கும் கட்டளை, வைத்துச் செய்யலாம். கணுவுக்குத் தனிக் கோப்பு, அதற்குள் லூப், லூப்புக்குள் அதே கோப்பை இன்க்ளூட் செய்து, வித் போட்டு கணு என்ற பெயரில் பிள்ளையை அனுப்புவது. கூடவே ஒன்லி என்று சேர்த்துவிடுங்கள். அப்போது நீங்கள் கையில் கொடுத்தது மட்டும்தான் உள்ளே போகும், வெளியில் இருக்கும் மாறிகள் எதுவும் கூடவே ஒட்டிக்கொண்டு போகாது. ரிகர்ஷனில் இது ரொம்ப முக்கியம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான்கு வருஷம் முன்பு டவுனில் ஒரு கடையின் பொருள் வகைகளை மஸ்டாஷ் என்ற இன்னொரு டெம்ப்ளேட் மொழியில் இதே மாதிரி வரைந்தபோது பக்கம் முடிவே இல்லாமல் ஓடியது. அரை நாள் தேடினேன். மஸ்டாஷ் ஒரு பெயரைக் கணுவிடம் கேட்கும், இல்லையென்றால் அதன் தாயிடம் போய்க் கேட்கும், அங்கேயும் இல்லையென்றால் அதற்கு மேலே. கடைசிக் கணுக்களுக்கு 'பிள்ளைகள்' என்ற புலமே நான் வைக்கவில்லை, பிள்ளை இல்லாதவற்றுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். அதனால் அது தாயிடம் போய், தாயின் பிள்ளைகளை எடுத்து வந்து, அதில் தானும் ஒன்றாக இருக்க, மறுபடி தன்னையே வரைய ஆரம்பித்துவிட்டது. பிள்ளை இல்லாத கணுவுக்கும் வெற்றுப் பட்டியல் ஒன்றைக் கட்டாயம் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து எந்த மொழியில் எழுதினாலும், மரத்தின் கடைசி இலைக்குக்கூட வெற்றுப் பட்டியலை வைக்காமல் நான் டெம்ப்ளேட்டுக்கு அனுப்புவதில்லை.

ஜிஞ்சா என்ற பைத்தான் டெம்ப்ளேட் மொழியில் இன்னொரு வழி இருக்கிறது. ஃபார் லூப்பின் கடைசியில் ரிகர்சிவ் என்று ஒரு வார்த்தை சேர்த்தால், உள்ளே லூப் என்பதையே ஒரு ஃபங்ஷன் மாதிரி கூப்பிட்டுப் பிள்ளைகளைக் கொடுத்துவிடலாம், தனிக் கோப்பு தேவையில்லை. எந்த ஆழத்தில் நிற்கிறோம் என்பதை லூப் டெப்த் சொல்லிவிடும், ஒன்றிலிருந்து எண்ணும். அழகான வசதிதான், ஒரு இடத்தைத் தவிர. ஒவ்வொரு கண்மாய்க்கும் கீழே 'மடைகள்' என்றும் 'மறுகால்' என்றும் இரண்டு குழுவாகப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. குழுக்களுக்காக ஒரு உள் லூப் போட்டு அதற்குள் லூப்பைக் கூப்பிட்டதும், ரிகர்சிவ் குறி இல்லாத லூப்பைத் திரும்பக் கூப்பிட முடியாது என்று பிழை வந்தது. லூப் என்ற பெயர் எப்போதும் பக்கத்தில் இருக்கும் உள் லூப்பைத்தான் குறிக்கும். வெளி லூப்புக்குள் நுழைந்தவுடனேயே அதை வேறு ஒரு பெயரில் பிடித்து வைத்துக்கொண்டு, உள்ளே அந்தப் பெயரைக் கூப்பிட்டால் வேலை நடக்கும். நான் இப்போதெல்லாம் ஜிஞ்சாவில் மேக்ரோதான், அதாவது பெயர் வைத்துக் கூப்பிடும் டெம்ப்ளேட் துண்டுதான், எழுதுகிறேன். மேக்ரோ தன்னையே கூப்பிடலாம், என்ன கொடுக்கிறோம் என்பது அடைப்புக்குள் பளிச்சென்று தெரியும், ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாலும் புரியும். வ்யூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கில் எழுதுபவர்களுக்கு இன்னும் சுலபம், ஒரு காம்பொனென்ட் (பக்கத்தின் ஒரு துண்டு) தன் கோப்புப் பெயரை வைத்தே தன்னைக் கூப்பிட்டுக்கொள்ளும்.

சரி, எச்டிஎம்எல் பக்கம் வருவோம். மேலே எழுதிய எட்டு வரியில், எல்ஐயை எங்கே மூடுகிறேன் என்று கவனித்தீர்களா? பிள்ளைகளின் யூஎல் முடிந்த பிறகு. முதலில் நான் பெயரை எழுதியதும் எல்ஐயை மூடிவிட்டு அதன் பிறகு யூஎல் திறந்தேன். பிரவுசர் ஒன்றும் சொல்லாது, கண்ணுக்கும் சரியாகத்தான் தெரியும். ஆனால் யூஎல்லுக்கு நேர் கீழே எல்ஐதான் வர வேண்டும், இன்னொரு யூஎல் வரக்கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அப்படி எழுதும்போது கண்மாயும் அதன் மறுகாலும் தாய் பிள்ளையாக இல்லாமல் அண்ணன் தம்பியாகிவிடுகின்றன. ஒரு கண்மாயை அழுத்தினால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மடங்க வேண்டும் என்று செய்ய உட்காரும்போது, கீழே எதுவுமே இல்லை என்று தெரிகிறது.

மடக்குவதற்கு ஜாவாஸ்கிரிப்ட் எதுவும் எழுதவில்லை. டீட்டெயில்ஸ், சம்மரி என்ற இரண்டு டேக் போதும். மரத்தில் ஒவ்வொரு எல்ஐக்குள்ளும் ஒரு டீட்டெயில்ஸ், பெயர் சம்மரிக்குள், பிள்ளைகளின் யூஎல் அதற்குக் கீழே. நிலை இரண்டு வரை ஓப்பன் என்று சேர்த்து திறந்தே வைத்தேன், அதற்குக் கீழே பெயருக்கு முன்னால் இருக்கும் முக்கோணத்தை அழுத்தினால் திறக்கும். ஜாங்கோவில் ஆழத்தைத் தானாகச் சொல்லும் வசதி இன்க்ளூடில் இல்லை, அதனால் நிலையை நானே ஒன்று கூட்டிக் கூட்டி அனுப்பினேன்.

பெரியப்பா முதலில் பார்த்துவிட்டுச் சொன்ன குறை உள்தள்ளல் பற்றியது. "எழுத்தெல்லாம் வலது பக்கம் போயி ஒட்டிக்கிச்சேப்பா" என்றார். பிரவுசர்கள் ஒவ்வொரு யூஎல்லுக்கும் இயல்பாகவே இடது பக்கம் 40 பிக்ஸல் விடுகின்றன. ஏழு நிலைக்கு 280. அவருடைய போன் 360 பிக்ஸல் அகலம், அதனால் கடைசிக் கண்மாயின் பெயருக்கு மிச்சம் 80 பிக்ஸல்தான், ஒரு வார்த்தை இரண்டாக மடங்கிவிழுகிறது. லேப்டாப்பில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது. உள்தள்ளலை 14 பிக்ஸலாகக் குறைத்து, ஒவ்வொரு யூஎல்லின் இடது ஓரத்திலும் மெல்லிய கோடு ஒன்று போட்டேன். தள்ளி நிற்பதைவிட அந்தக் கோடுதான் எது எதற்குக் கீழே என்பதைக் கண்ணுக்குச் சொல்கிறது.

அப்புறம் வேகம். ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காத இடங்களில், கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு பார்ப்பார்கள், பக்கம் சட்டென்று வந்தாக வேண்டும். மொத்தம் 212 கணுக்கள். சோதித்துப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 213 க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடிக்கொண்டிருந்தது. காரணம் டெம்ப்ளேட்தான். ஒவ்வொரு கணுவிலும் 'பிள்ளைகளைக் கொடு' என்று கேட்கும்போது அது டேட்டாபேஸுக்குப் போய்வருகிறது, பிள்ளை இல்லாத மடைக்கும் ஒரு தடவை போய் வெறுங்கையோடு திரும்புகிறது. டெம்ப்ளேட்டைப் பார்த்தால் அப்பாவி லூப் ஒன்றுதான் தெரியும், பின்னால் நடப்பது தெரியாது. ரிகர்ஷனைப் பற்றி 'அது மெதுவாக இருக்கும்' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் மெதுவாக இருப்பது இந்தப் போக்குவரத்துதான், ரிகர்ஷன் இல்லை.

தீர்வு ரொம்பப் பழையது. 212 வரிகளையும் ஒரே க்வெரியில் எடுத்துவிட வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கணு செய்து, வெற்றுப் பிள்ளைப் பட்டியலோடு, அதன் எண்ணை வைத்து ஒரு டிக்ஷனரியில் போட வேண்டும். இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு கணுவையும் எடுத்து, தாயின் எண்ணை டிக்ஷனரியில் தேடி, தாயின் பட்டியலில் சேர்க்க வேண்டும். தாய் இல்லாதது வேர். இரண்டு சுற்று எதற்கு என்றால், டேபிளில் பிள்ளை முதலிலும் தாய் பிறகும் வரலாம், ஒரே சுற்றில் செய்தால் தாய் இன்னும் பிறக்காமலே இருக்கும். இதைச் செய்த பிறகு டெம்ப்ளேட்டுக்கு முழு மரமும் தயாராகப் போகிறது, அது டேட்டாபேஸைத் தொடுவதே இல்லை. 213 க்வெரி ஒன்றாகிவிட்டது. முழு மரமும் வேண்டாம், ஒரு கண்மாயும் அதற்குக் கீழே உள்ளதும் மட்டும் போதும் என்றால் டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லிலேயே தன்னையே கூப்பிடும் க்வெரி, வித் ரிகர்சிவ், இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் 2009-ல் வந்த 8.4 முதலே உண்டு, மைஎஸ்க்யூஎல்காரர்கள் 2018-ல் 8.0 வரும்வரை காத்திருந்தார்கள். எங்கள் 212-க்கு அது தேவைப்படவில்லை.

இவ்வளவும் முடிந்து நிம்மதியாக இருந்தபோதுதான் பெரியப்பா போன் செய்தார். "மூணு கண்மாயைக் காணோமேப்பா." நான் நம்பவில்லை. டேபிளில் மூன்றும் இருந்தன. பக்கத்தில் இல்லை. பிழைச்செய்தி எதுவும் இல்லை. இதைக் கண்டுபிடித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நோட்டைப் பார்த்து ஏற்றும்போது ஒரு கண்மாய்க்குத் தாயாக, அதன் பேரனையே தப்பாகக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்குக் கீழே இரண்டு, இரண்டுக்குக் கீழே மூன்று, மூன்றுக்குக் கீழே மறுபடி ஒன்று. வட்டம். வட்டம் என்றால் முடிவில்லாத ரிகர்ஷன் வரும், பைத்தான் தன் இயல்பான ரிகர்ஷன் வரம்பான 1000-ஐத் தொட்டதும் பிழை என்று கத்தும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரே ஒரு தாய்தான் என்னும்போது, வட்டத்துக்குள் இருக்கும் எல்லாருக்கும் தாய் வட்டத்துக்குள்ளேயே இருந்துவிடுகிறது. வேரிலிருந்து அங்கே போக வழியே இல்லை. அதனால் பக்கம் ஓடாமல் நிற்பதும் இல்லை, கத்துவதும் இல்லை, அந்த மூன்றும் அவற்றுக்குக் கீழே இருப்பவையும் சத்தமில்லாமல் காணாமல் போகும். யாராவது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். பெரியப்பா எண்ணிப் பார்த்தார். இப்போது மரத்தைக் கட்டி முடித்ததும் வேரிலிருந்து நடந்து எத்தனை கணுவைத் தொட்டோம் என்று எண்ணி, டேபிளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, குறைந்தால் எனக்கு மெயில் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். மரத்தை வரையும் எல்லாரும் இந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த சிக்கல் இதைவிட ஆழமானது. நோட்டில் 'சின்னக் கண்மாய்' என்ற பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. கிளைக் கால்வாயின் ஒரு மடையிலிருந்தும் அதற்கு வரத்து உண்டு, பெரிய கண்மாய் நிறைந்தால் அதன் மறுகாலும் அங்கேதான் விழும். இரண்டு தாய். அப்படியென்றால் இது மரமே இல்லை. என் டேபிளில் தாய்க்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்ததால், முதலில் வந்ததை ஏற்றிவிட்டு இரண்டாவதை விட்டிருந்தேன். தண்ணீர் விஷயத்தில் அது சின்னத் தப்பு இல்லை. வரத்து ஒன்றை மறைத்துவிட்டால் நாளைக்கு ஒருவன் வந்து 'வலைப்பக்கத்திலேயே இல்லையே' என்று அந்த வாய்க்காலை அடைத்துவிடலாம்.

தாய் பிள்ளை இணைப்புகளைத் தனி டேபிளாகப் பிரித்தேன், ஒவ்வொரு வரியும் 'இங்கிருந்து அங்கே'. இப்போது சின்னக் கண்மாய் பக்கத்தில் இரண்டு தடவை வரும், அதற்குக் கீழே உள்ள நான்கு கண்மாயும் அவற்றின் மடைகளும் இரண்டு தடவை வரும். அதற்குக் கீழேயும் ஒன்றுக்கு இரண்டு வரத்து இருந்தால் நான்கு தடவை. பக்கம் தேவையில்லாமல் நீண்டு, பார்ப்பவருக்கு இரண்டு வெவ்வேறு கண்மாய் என்று தோன்றிவிடும்.

எப்படிச் செய்வது என்று யோசித்துக்கொண்டே நோட்டை மறுபடி புரட்டினேன். பெரியப்பா என்ன செய்திருக்கிறார் என்றால், சின்னக் கண்மாய் முதலில் வந்த இடத்தில் கீழே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார், இரண்டாவது தடவை வந்த இடத்தில் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் 'முன்னமே சொன்னது' என்று போட்டு நிறுத்தியிருக்கிறார். நான் அதையே செய்தேன். மரத்தைக் கட்டும்போது பார்த்த கணுக்களை ஒரு செட்டில் வைத்துக்கொள்வது, ஏற்கெனவே பார்த்ததாக இருந்தால் பிள்ளைகளை இறக்காமல், முதலில் வந்த இடத்துக்கு ஒரு லிங்க் மட்டும் கொடுப்பது. 'முன்னமே சொன்னது' என்ற அதே வார்த்தைகள்தான் லிங்க்கிலும் இருக்கின்றன.

கூடவே வேரிலிருந்து இப்போது நிற்கும் இடம் வரையுள்ள பாதையையும் தனியாகக் கையில் வைத்திருக்கிறேன். இரண்டு தாய் இருக்கலாம் என்று ஆனபிறகு, வேரிலிருந்தே ஒரு வட்டத்துக்குள் நுழையவும் முடியும். பார்த்த கணு என்பது பாதையிலேயே இருந்தால் அது வட்டம், அதாவது தண்ணீர் மேட்டுக்கு ஏறுகிறது, ஏற்றியவர் தப்பு செய்திருக்கிறார். பாதையில் இல்லாமல் வேறு எங்கோ பார்த்ததாக இருந்தால் அது இரண்டாவது வரத்து, சரியான தகவல். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் நல்ல தகவலைப் பிழை என்று தள்ளிவிடுவோம். இந்தச் சோதனையெல்லாம் பைத்தானில்தான் நடக்கிறது. டெம்ப்ளேட்டுக்குள் இவற்றைக் கொண்டுவர ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீர்கள், அங்கே 'லிங்க் மட்டும்' என்ற ஒரு குறியைப் பார்க்கும் ஒரு இஃப் போதும்.

எல்லாம் ரிகர்ஷனாலேயே ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாவடிச் சுவரில் ஒட்ட ஒரு அச்சுப் பிரதி கேட்டார்கள். தாளில் மடக்கவும் முடியாது, லிங்க்கை அழுத்தவும் முடியாது. அதற்கு மரத்தைப் பைத்தானிலேயே நடந்து, வரிசையாக ஒரே பட்டியலாக்கி, ஒவ்வொரு வரியோடும் அதன் நிலை எண்ணைச் சேர்த்து அனுப்பினேன். டெம்ப்ளேட்டில் ஒரே ஒரு சாதாரண லூப், நிலைக்குத் தகுந்த உள்தள்ளல். நோட்டில் இருந்த அதே வடிவம். மடக்க வேண்டாம், காட்டினால் போதும் என்றால் இதுதான் எளிது.

தை பிறந்ததும் ஊருக்குப் போனேன். பெரியப்பா மந்தையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒவ்வொரு முக்கோணமாக அழுத்தித் திறந்து பார்த்தார். பக்கத்தில் இரண்டு இளவட்டங்கள். கடைசிக் கண்மாய் வரை போய் நின்றார். "இதுக்குக் கீழ ஒரு ஊருணி இருக்குப்பா. நானே மறந்துட்டேன். ரொம்ப மழை பேஞ்சா அங்க போயி விழும்."

அது எட்டாவது நிலை. அங்கேயே போனில் அட்மின் பக்கத்தைத் திறந்து பெயரையும் இணைப்பையும் சேர்த்துவிட்டு, அவரிடம் மறுபடி திறக்கச் சொன்னேன். அவர் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதிலும் எழுதிக்கொண்டார், இன்னொரு விரல் உள்ளே தள்ளி.